பழைய இரும்பிலிருந்து சிற்பம்: தாமே கற்றுத் தொழிலாக்க விரும்புவோருக்கு ஒரு வழிகாட்டி

கோவை உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளுக்குக் காலை ஒன்பது மணிக்கு முன்பாகப் போய்ப் பார்த்தால், இந்த ஊர் செய்துவந்த தொழில்கள் அத்தனையும் அங்கே குவியல் குவியலாகக் கிடப்பதைக் காணலாம். நூற்பாலைகள் கழித்துவிட்ட ஸ்பிண்டில்கள், தண்ணீர் பம்புகளின் இம்பெல்லர்கள், மாவு அரைக்கும் கிரைண்டர்களின் மோட்டார் மூடிகள், மிதிவண்டிச் செயின்கள், லாரிகளின் பல்சக்கரங்கள் ஆகியவை எடைக்கு வாங்கப்பட்டு, உருக்காலைக்குப் போகும் லாரிக்காகக் காத்திருக்கின்றன. கலைக்கல்லூரியில் படித்திராத நான், பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் அந்தக் குவியல் ஒன்றிலிருந்து நான்கு பல்சக்கரங்களை வாங்கி வந்துதான் இந்தத் தொழிலைத் தொடங்கினேன்.

என்னிடம் வழி கேட்டு வரும் இளைஞர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, வெல்டிங் இயந்திரம் என்ன விலை என்பதும், எங்கே விற்பது என்பதும்தான். இவ்விரண்டுக்கும் நடுவில் இருக்கும் நீண்ட வேலையைப் பற்றி அவர்களுக்குச் சொல்வாரில்லை. பொருளைச் சேர்ப்பது, பிரித்து வைப்பது, அதன் குணத்தை அறிவது, பத்து மழைக்காலம் தாங்கும்படி இணைப்பது ஆகியவற்றைக் கற்றுக்கொண்டவர்களே இதில் நிலைத்திருக்கிறார்கள். செலவின்றிக் கிடைத்த பொருள்தானே என்ற எண்ணத்தில் செய்யப்படும் சிற்பம் இரண்டாம் ஆண்டே துருப்பிடித்து, மூன்றாம் ஆண்டு புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிடுகிறது. அப்படித் திரும்பி வந்த சிற்பங்களைக் காயலான் கடையில் நானே பார்த்திருக்கிறேன். அவற்றில் ஒன்று நான் செய்தது. ஆகவே இந்தக் கட்டுரையில் பொருளுக்கும் இணைப்புக்கும் அதிக இடம் தந்திருக்கிறேன்.

முதல் படி: ஒரு பொருளைப் பற்றிக்கொள்ளுங்கள்

நெகிழிப் பாட்டில், பழைய துணி, மின்னணுக் கழிவு, இரும்பு, கண்ணாடி என எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தொட்டுப் பார்க்கும் ஆசை தொடக்கத்தில் எல்லோருக்கும் வரும். ஆறு மாதம் வரை அப்படித் தொட்டுப் பார்ப்பதில் தவறில்லை. அதன்பின் ஒன்றைத் தேர்ந்துகொண்டு மூன்று ஆண்டுகளாவது அதிலேயே நில்லுங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் தனிக் கருவி, தனிப் பசை, தனி ஆபத்து, தனி ஆயுள் உண்டு. ஆசிரியர் இல்லாமல் கற்பவருக்கு அந்தப் பொருளே ஆசிரியர் என்பதால், அடிக்கடி ஆசிரியரை மாற்றுபவர் எதையும் முழுதாகக் கற்பதில்லை.

ஒரே பொருளில் நிலைத்து நிற்பது எவ்வளவு தூரம் கொண்டுசெல்லும் என்பதற்கு, கானாவில் பிறந்து நைஜீரியாவின் இன்சுக்கா நகரில் நெடுங்காலம் வாழ்ந்து பணியாற்றிய எல் அனாட்சுயியைச் சொல்லலாம். அவர் முறையாகக் கலை பயின்றவர், கல்லூரியில் கற்பித்தவரும்கூட. ஆனாலும் உலகம் அவரை அறிந்துகொண்டது, மதுப்புட்டிகளின் அலுமினிய மூடிகளைத் தட்டையாக்கிச் செப்புக் கம்பியால் ஒன்றோடொன்று கட்டி, சுவரை மறைக்கும் பெரும் துணிகளைப் போல அவர் தொங்கவிட்ட படைப்புகளால்தான். பெனின் நாட்டின் ரொமுவால்ட் ஹசூமே, நைஜீரியாவிலிருந்து பெட்ரோல் கடத்தப் பயன்படும் நெகிழிக் கேன்களை எடுத்து முகமூடிகள் ஆக்கினார். அத்தகைய 304 முகமூடிகளை அடிமைக் கப்பலின் வரைபடத்தைப் போல அடுக்கி அவர் அமைத்த படைப்பைப் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் 2007இல் வாங்கியது. அந்தக் கேன் அவர் ஊர்த் தெருவின் அன்றாடப் பொருள் என்பதைக் கவனியுங்கள். உங்கள் ஊர் எதை அதிகமாகக் கழிக்கிறதோ அதுவே உங்களுக்கு மலிவாகவும் தொடர்ச்சியாகவும் கிடைக்கும். அதைப் பற்றிச் சொல்வதற்கும் உங்களிடம் ஏதாவது இருக்கும். கோவைக்காரருக்கு ஸ்பிண்டிலும் பம்பும் எப்படியோ, சென்னைப் புதுப்பேட்டைக்கு அருகில் இருப்பவருக்குப் பிரித்த வாகனங்களின் பாகங்கள் அப்படி. கடலோரத்தில் இருப்பவர் அறுந்த வலையையும் கயிற்றையும் எடுக்கலாம். இனி நான் சொல்பவை பெரும்பாலும் இரும்பைப் பற்றியவை. எனக்குத் தெரிந்த பொருள் அதுதான்.

இரண்டாம் படி: கடைக்காரரோடு உறவு

காயலான் கடைக்காரர் ஒரு நாளில் நூறு பேரிடம் பேசுகிறவர். பாதி நாள் குவியலைக் கிளறிவிட்டு இரண்டு கிலோ வாங்கிச் செல்பவரை அவருக்குப் பிடிக்காது. அது நியாயமும்கூட. நான் முதல் ஓராண்டு ஒரே கடைக்குத்தான் போனேன். கிளறிய குவியலை மறுபடி அடுக்கிவிட்டு வருவேன். உருக்குக்குப் போகும் விலையைவிடக் கிலோவுக்கு ஐந்து, பத்து ரூபாய் கூடுதலாகத் தருவேன். தேர்ந்தெடுத்து எடுப்பவர் கூடுதல் விலை தருவதே முறை. ஒருநாள் அவரே தொலைபேசியில் அழைத்து, "தம்பி, ஒரு மில்லுல இருந்து பல்சக்கரம் ரெண்டு மூட்டை வந்திருக்கு. சாயங்காலம் லோடு போயிடும், எடுத்து வைக்கட்டுமா?" என்று கேட்டார். அன்றிலிருந்து நான் குவியலைத் தேடிப் போனதைவிடக் குவியல் என்னைத் தேடி வந்ததே அதிகம். பொருள் சேகரித்துக் கொடுக்கும் தெருத் தொழிலாளர்களிடமும் இதே நேர்மை வேண்டும். அவர்கள் கொண்டுவரும் பையில் எது விலைபோகும் என்பதை மறைத்துப் பேசி வாங்காதீர்கள்.

வாங்கும் ஒவ்வொரு முறையும் தேதியும் எடையும் எழுதிய சீட்டு கேளுங்கள். தண்டவாளத் துண்டு, தண்டவாளத்தை இணைக்கும் தட்டு, பெரிய ஆணி போன்ற ரயில்வே பொருள்களை எவ்வளவு அழகாக இருந்தாலும் ஆதாரமின்றி வாங்க வேண்டாம். ரயில்வே சொத்தைச் சட்டவிரோதமாக வைத்திருப்பதைக் குற்றமாக்கும் தனிச் சட்டம் 1966 முதல் இருக்கிறது. திருட்டுப் பொருள் என்று சந்தேகம் வந்தால், அது முறையாகக் கிடைத்தது என்று காட்ட வேண்டியவர் வைத்திருப்பவரே. பாதாளச் சாக்கடை மூடி, மின்மாற்றியின் செப்பு, சாலைப் பலகை ஆகியவற்றுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

மூன்றாம் படி: கிடங்கு

சண்டிகரின் நேக் சந்த், தாமே கற்ற கலைஞர்களுள் நம் நாடு நன்கறிந்தவர். பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளராக இருந்த அவர், 1950களின் இறுதியில், புதிய நகரத்துக்காக இடிக்கப்பட்ட சிற்றூர்களின் எச்சங்களைத் தம் மிதிவண்டியில் ஏற்றிச் சென்று, சுக்னா ஏரிக்கு அருகே கட்டடம் கட்டத் தடை இருந்த காட்டு நிலத்தில் யாருக்கும் தெரியாமல் சேர்க்கத் தொடங்கினார். உடைந்த வளையல்கள், பீங்கான் துண்டுகள், கழிவறைத் தொட்டிகளின் சில்லுகள், மிதிவண்டிச் சட்டங்கள், விந்தையான வடிவமுடைய கற்கள் ஆகியவையே அவருடைய சேகரிப்பு. 1970களின் நடுவில் அரசு அதைக் கண்டபோது பல ஏக்கர் பரப்பில் நூற்றுக்கணக்கான உருவங்கள் நின்றிருந்தன. இடித்திருக்க வேண்டிய அந்த இடத்தை 1976இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டு, அவருக்கு ஊதியமும் ஐம்பது வேலையாட்களும் கொடுத்தார்கள். 1984இல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. 2015இல் அவர் காலமானார். தோட்டம் இன்றும் நிற்கிறது.

இந்த வரலாற்றைச் சொல்பவர்கள் அவருடைய கற்பனையைப் புகழ்வார்கள். நான் அதில் கற்றது அவருடைய சேகரிப்பை. ஒரே நிறமுள்ள வளையல் துண்டுகள் ஆயிரக்கணக்கில் கையில் இல்லாமல் ஒரு பெண்ணுருவத்துக்குப் பாவாடை செய்ய முடியாது. ஒரு பொருள் ஒன்றிரண்டாக இருக்கும்வரை அது வெறும் கழிவு. அதே பொருள் முந்நூறு சேர்ந்துவிட்டால் அதுவே இறகாகவும் செதிலாகவும் மயிராகவும் ஆகிறது.

எனவே வீட்டில் ஒரு மூலையாவது ஒதுக்குங்கள். கூரை இருக்க வேண்டும், தரை ஈரமாகக் கூடாது. பழைய எண்ணெய் டின்களை மேல்பக்கம் வெட்டி வரிசையாக வைத்து, பொருளின் பெயரால் பிரிக்காமல் வடிவத்தால் பிரியுங்கள். வட்டமானவை ஒரு டின், வளைந்தவை ஒரு டின், நீண்டவை, தட்டையானவை, பல் உள்ளவை, துளை உள்ளவை என்று பிரித்தால், வேலை செய்யும்போது கை தானாகவே சரியான இடத்துக்குப் போகும். "பிரேக் லீவர்" என்று எழுதிய டின்னில் நீங்கள் பிரேக் லீவரைத்தான் பார்ப்பீர்கள். "வளைந்தவை" என்று எழுதிய டின்னில் அதே லீவர் புருவமாகத் தெரியும். இந்த ஒரு மாற்றம் எனக்கு எந்தப் பயிற்சி வகுப்பையும்விட அதிகம் கற்றுத்தந்தது.

கிடங்குக்குள் போவதற்கு முன் ஒவ்வொன்றையும் கழுவ வேண்டும். செயினிலும் பேரிங்கிலும் இருக்கும் கிரீஸை டீசலில் ஊறவைத்துத் துலக்கி, பிறகு சோப்புத்தூள் கரைத்த வெந்நீரில் அலசி, வெயிலில் முழுதாக உலர்த்துங்கள். கிரீஸ் இருக்கும் இடத்தில் வெல்டிங் செய்தால் புகை கிளம்பும், இணைப்பும் நிற்காது. பெயின்டும் பிடிக்காது.

நான்காம் படி: இணைப்பைக் கற்பது

வெல்டிங்கைக் காணொளி பார்த்து ஓரளவு தெரிந்துகொள்ளலாம், கற்றுக்கொள்ள முடியாது. அரசு ஐ.டி.ஐ. நிலையங்களில் வெல்டர் பிரிவு ஓராண்டுப் படிப்பாக இருக்கிறது. அதற்கு நேரமில்லாதவர்கள், வீட்டுக்கு அருகில் கேட், ஜன்னல் கிரில் செய்யும் பட்டறை ஒன்றில் மூன்று மாதம் உதவியாளாக இருங்கள். கூலி கேட்காமல் கூட்டிப் பெருக்குபவரைப் பட்டறைக்காரர் விரட்டுவதில்லை. நான் அப்படித்தான் கற்றேன்; ராடு, அதாவது உருகி இரும்பை இணைக்கும் வெல்டிங் குச்சி, பிடிக்கும் கோணத்தை என் மணிக்கட்டைப் பிடித்துத் திருத்திய அந்தப் பட்டறை அண்ணனுக்கு இன்றும் கடன்பட்டிருக்கிறேன்.

தொடக்கத்துக்கு 200 ஆம்பியர் வரை தரும் ஒரு இன்வெர்ட்டர் வெல்டிங் இயந்திரம், இரும்பை வெட்டவும் உராயவும் உதவும் நான்கு அங்குல ஆங்கிள் கிரைண்டர், ஒரு பிடிப்பு வைஸ், சுத்தியல், கம்பித் தூரிகை ஆகியவை போதும். மெல்லிய பாகங்களுக்கு 2.5 மில்லிமீட்டர் ராடு சரியாக வரும். அதற்கு 60 முதல் 90 ஆம்பியர் வரை வைத்துப் பார்க்கலாம். சாதாரண இரும்புக்கு 6013 என்ற எண்ணுள்ள ராடு எளிதில் கைவரும்.

புதியவர்கள் தடுக்கி விழும் இடம், எல்லா இரும்பும் ஒன்றே என்று நினைப்பதுதான். பழைய பம்பின் உடல், தையல் இயந்திரத்தின் கால், பழைய மோட்டாரின் மூடி ஆகியவை பெரும்பாலும் வார்ப்பிரும்பு. அதைச் சாதாரண ராடால் ஒட்டினால், ஒட்டியது போலவே தெரியும். ஆறியதும் "டிக்" என்ற சத்தத்தோடு பக்கத்திலேயே விரிசல் விடும். அதற்கு நிக்கல் ராடும், முன்கூட்டிச் சூடாக்குவதும், மெதுவாக ஆறவிடுவதும் வேண்டும். அல்லது துளையிட்டு நட்டு போல்ட் போட்டுவிடலாம். கிரைண்டரில் தொட்டுப் பார்த்தாலே வேறுபாடு தெரியும்: சாதாரண இரும்பு நீளமான மஞ்சள் பொறிகளைச் சிதறும், வார்ப்பிரும்பின் பொறி குட்டையாகவும் சிவந்தும் இருக்கும். பேரிங்கும் ஸ்பிரிங்கும் கார்பன் மிகுந்த கடின எஃகு. ஒட்டிய இடம் கண்ணாடி போல நொறுங்கும் தன்மை பெறும் என்பதால், எடை தாங்கும் இடத்தில் அவற்றை வைக்காதீர்கள். எவர்சில்வர் கரண்டியைச் சாதாரண இரும்போடு இணைக்க 309 ராடு தேவைப்படும்.

அடுக்குமாடியில் வசிப்பவர்களும் வெல்டிங்கை அஞ்சுபவர்களும் மனம் தளர வேண்டியதில்லை. இத்தாலியிலிருந்து அமெரிக்காவில் குடியேறி, ஓடு பதிக்கும் கூலித்தொழிலாளியாக வாழ்ந்த சைமன் ரோடியா, 1921 முதல் 1954 வரை லாஸ் ஏஞ்சலஸின் வாட்ஸ் பகுதியில் தனியொருவராகக் கோபுரங்கள் கட்டினார். அவற்றுள் உயரமானது ஏறத்தாழ 30 மீட்டர். வெல்டிங், போல்ட், ரிவெட் எதையும் அவர் பயன்படுத்தவில்லை. பக்கத்திலிருந்த ரயில் தண்டவாளத்தில் கம்பியைச் செருகி வளைத்தார். கம்பியோடு கம்பியைச் சேர்த்து வலையால் சுற்றி, சிமென்ட் பூசி, அதில் ஓடும் கண்ணாடியும் கிளிஞ்சலும் பதித்தார். பாதுகாப்பற்றவை என்று நகர நிர்வாகம் அவற்றை இடிக்க முனைந்தபோது, 1959இல் 10,000 பவுண்டு இழுவிசை கொடுத்துச் சோதித்தார்கள். இழுத்த கருவிதான் பழுதானது, கோபுரங்கள் அசையவில்லை. கட்டுக்கம்பியும் பொறுமையும் ஒரு இணைப்பு முறைதான் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஐந்தாம் படி: எதைத் தொடக் கூடாது

இதை விரைந்து படித்துச் செல்ல வேண்டாம் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். பழைய பொருளோடு அதன் பழைய வாழ்வில் இருந்த நஞ்சும் வருகிறது.

தொழிலுக்கு வந்த முதல் கோடையில், கொக்கின் கால்களுக்காக ஜி.ஐ. பைப்புகளை (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்களை) மூடிய அறைக்குள் வைத்து மாலை முழுவதும் வெல்டிங் செய்தேன். வெண்ணிறப் புகை எழுந்தது, பொருட்படுத்தவில்லை. இரவு பதினொரு மணிக்குக் குளிர் நடுங்கியது, வாயில் உலோகச் சுவை, தாங்க முடியாத தாகம். துத்தநாகப் பூச்சு எரிந்த புகையால் வரும் காய்ச்சல் அது. ஓரிரு நாளில் இறங்கிவிடும் என்றாலும், மூச்சுத்திணறல் வந்தால் காத்திருக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். பால் குடித்தால் சரியாகிவிடும் என்று பட்டறைகளில் சொல்வார்கள். பால் புகையைத் தடுப்பதில்லை. பூச்சை இணைப்பு வரும் இடத்திலிருந்து நன்றாகத் தள்ளி உராய்ந்து எடுத்துவிட்டு, திறந்தவெளியில், காற்று முதுகுப்பக்கத்திலிருந்து பக்கவாட்டில் ஓடும்படி நின்று, முகமூடியோடு வேலை செய்வதே வழி. குரோம் பூச்சுள்ள பைக் பாகங்களின் புகை இதைவிடக் கொடியது. அவற்றை நான் வெல்டிங்கே செய்வதில்லை, போல்ட் போடுகிறேன்.

பெட்ரோல் டேங்க், தின்னர் டிரம், எரிவாயு உருளை ஆகியவற்றை வெட்டவோ ஒட்டவோ கூடாது. காலியாக இருப்பதுதான் ஆபத்து. உள்ளே தங்கிய ஆவி ஒரே பொறியில் வெடிக்கும். பைக்கின் ஷாக் அப்சார்பருக்குள் எண்ணெயும் சில வகைகளில் அழுத்தமேற்றிய வாயுவும் அடைபட்டிருக்கும். முனை மூடிய எந்தக் குழாயையும் துளையிடாமல் சூடேற்றாதீர்கள். பழைய பிரேக் ஷூவின் ஒட்டுப்பகுதியில் நுரையீரலைக் கெடுக்கும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம் என்பதால் அதை உராய வேண்டாம். குழல் விளக்கில் பாதரசம் உண்டு. மின்கம்பியின் மேலுறையை எரித்துச் செப்பெடுப்பது, எரிப்பவரையும் பக்கத்து வீட்டுக் குழந்தையையும் சேர்த்தே கெடுக்கும். பழைய கேட்டுகளின் பெயின்டில் ஈயம் இருக்கும். வீட்டுப் பெயின்டில் ஈயத்தைப் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் தடைசெய்யும் விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அந்தப் பெயின்டை உலர்வாக உராய்ந்து தூளாக்காமல், ஈரமாக்கிச் சுரண்டி எடுங்கள்.

வெல்டிங் கண்ணாடி பத்தாம் அல்லது பதினோராம் எண் அடர்த்தியில் இருக்கட்டும். கிரைண்டரின் காப்புத் தகட்டை எந்த அவசரத்திலும் கழற்றாதீர்கள். கட்டிங் வீல் உடைந்து பறந்தால் கையை உதறக்கூட நேரம் இருக்காது. லுங்கி, நைலான் சட்டை, செருப்பு ஆகியவற்றோடு பட்டறைக்குள் நுழைய வேண்டாம்.

ஆறாம் படி: முதல் சிற்பம்

முதல் உருவம் ஒரு முழத்துக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. நான் எல்லோரையும் ஆந்தை செய்யச் சொல்கிறேன்; கண்கள் சரியாக அமைந்துவிட்டால் மற்றவை சற்றுப் பிசகினாலும் ஆந்தை ஆந்தையாகவே இருக்கும்.

சிமென்ட் தரையில் சுண்ணக்கட்டியால் உருவத்தை உண்மை அளவில் வரையுங்கள். இரண்டு மிதிவண்டிப் பல்சக்கரங்களைக் கண்களாக வைத்து, நடுவில் ஒவ்வொரு நட்டை விழியாகப் பொருத்துங்கள். இரண்டு பிரேக் லீவர்கள் புருவம். மூக்குக்குத் தட்டையான எதையாவது வெட்டாமல், டின்னில் தேடுங்கள். எனக்கு ஒருமுறை இடுக்கியின் உடைந்த ஒற்றைத் தாடை கிடைத்தது, அதைவிடப் பொருத்தமான மூக்கை நான் செய்திருக்க முடியாது. உடலுக்கு ஆறு மில்லிமீட்டர் கம்பியில் கூடு. அதன்மேல் செயினைக் கீழிருந்து மேலாக, ஓடு வேய்வது போல ஒவ்வொரு வரிசையும் முந்தைய வரிசையைச் சற்று மூடும்படி வையுங்கள்.

தரையில் அடுக்கியதும் ஒட்டிவிடாமல், பத்தடி தள்ளி நின்று புகைப்படம் எடுத்து, ஓர் இரவு அப்படியே விடுங்கள். காலையில் பார்க்கும்போது எது மிகையென்று தெரியும். பெரும்பாலும் மூன்றில் ஒரு பங்கு பாகங்கள் மறுபடி டின்னுக்குப் போகும். பிறகு கூட்டின் மேல் ஒவ்வொரு பாகத்தையும் ஓரிரு புள்ளியில் மட்டும் தற்காலிகமாக ஒட்டுங்கள்; இதைத்தான் டேக் அடிப்பது என்பார்கள். டேக்கில் இருக்கும்வரை ஒரு தட்டலில் மாற்றிவிடலாம். எல்லாம் மனத்துக்கு ஒப்பானபின் முழு வெல்டிங். ஒரே பக்கமாகத் தொடர்ந்து ஒட்டினால் சூட்டில் கூடு வளையும். எதிரெதிர்ப் பக்கங்களில் மாற்றி மாற்றிச் செய்யுங்கள்.

இப்படி ஓராண்டில் முப்பது செய்யுங்கள். முதல் பத்தை விற்க வேண்டாம். வீட்டுக்கு வெளியே மழையிலும் வெயிலிலும் வைத்து, எங்கே துரு தொடங்குகிறது, எந்த இணைப்பு விடுகிறது என்று பாருங்கள். உங்களுக்கு மதிப்பெண் போடும் ஆசிரியர் அந்தப் பத்து உருவங்கள்தான்.

துருவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரும்பின் இயல்பான நிறம் அழகாக இருக்கிறதென்று வெளியில் வைக்கும் சிற்பத்தின் மேல் கிளியர் லாக்கர் மட்டும் அடிப்பது பலர் செய்யும் பிழை. ஒரே பருவமழையில் லாக்கருக்கு அடியில் துரு படர்ந்து செதில் செதிலாக உரியும். வெளியில் வைப்பதற்கு, துருவை முழுதாக நீக்கி அன்றைக்கே ரெட் ஆக்சைடு பிரைமர் இரண்டு கை, அதன்மேல் எனாமல் இரண்டு கை. உள்ளே வைப்பதற்கு மெழுகோ லாக்கரோ போதும். உள்ளீடற்ற உருவங்களின் மிகத் தாழ்ந்த இடத்தில் தண்ணீர் வடிய ஒரு துளை கட்டாயம் வேண்டும். கடற்கரை ஊருக்குப் போகும் சிற்பமென்றால் துத்தநாகப் பிரைமரைக் கேட்டு வாங்குங்கள்.

ஏழாம் படி: விலையும் வருமானமும்

"குப்பையில செஞ்சதுக்கு இவ்வளவா?" என்ற கேள்வியை நீங்கள் ஆயுள் முழுவதும் கேட்கப் போகிறீர்கள். கோபப்படாமல் பதில் சொல்ல, கணக்கு எழுதி வைத்திருக்க வேண்டும். ஆந்தைக்கு ஆறு கிலோ இரும்பு, கிலோ 45 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 270 ரூபாய். ராடும் வீலும் 250. பிரைமர், பெயின்ட் 150. மின்சாரம், வாடகை 300. மூன்று நாள் உழைப்பு, நாளுக்கு 900 வீதம் 2,700. கூட்டினால் 3,670. விற்காமல் தேங்குவதற்கும் பழுதாவதற்கும் ஐந்தில் ஒரு பங்கு சேர்த்தால் ஏறத்தாழ 4,400. காட்சிக்கூடம் மூன்றில் ஒரு பங்கு எடுத்துக்கொள்ளும் என்றால், பட்டியல் விலை 6,600 இருந்தால்தான் உங்கள் கைக்கு 4,400 வரும். எங்கே விற்றாலும் அதே 6,600க்கே விற்க வேண்டும். காட்சிக்கூடத்தில் ஒரு விலையும் வீட்டு வாசலில் ஒரு விலையும் சொல்பவரை இரண்டு இடத்திலும் நம்ப மாட்டார்கள். எங்கள் ஊர்க் கொத்தனாரின் நாட்கூலிக்குக் குறைவாக உங்கள் கூலியைப் போடாதீர்கள் என்பது என் உறுதியான கருத்து.

முதல் மூன்று ஆண்டுகளுக்குச் சிற்பம் மட்டும் சோறு போடாது. 1966இல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் சென்னை ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை அமைத்த கலைஞர்கள், பத்திக் துணி முதலிய கைவினைப் பொருள்களைச் செய்து விற்று, அந்த வருவாயில்தான் நிலமும் வீடும் ஆக்கிக்கொண்டு ஓவியமும் சிற்பமும் செய்தார்கள். அந்த வழி நமக்கும் பொருந்தும். சாவி மாட்டும் கொக்கி, விளக்குத் தண்டு, பூந்தொட்டித் தாங்கி ஆகியவற்றை வாரத்தில் மூன்று நாள் செய்யுங்கள்; பள்ளிகளில் மாணவர்களுக்கு வெல்டிங் இல்லாத பயிற்சி நடத்துங்கள்; மீதி நாள்களைச் சிற்பத்துக்கு விட்டுவையுங்கள். அந்த மீதி நாள்களை எந்த ஆர்டருக்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஆவணங்களில், சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு முற்றிலும் இலவசம். அதற்குக் கட்டணம் கேட்கும் இணையதளங்களை நம்ப வேண்டாம். தமிழ்நாட்டில் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயைத் தாண்டும்போது ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமாகும், வெளிமாநிலத்துக்கு விற்பதற்குத் தனி விதிகள் இருப்பதால், அப்படி ஆர்டர் வந்தால் முதலில் ஒரு தணிக்கையாளரைப் பாருங்கள்.

காட்சிக்கு, சென்னை கிரீம்ஸ் சாலையில் உள்ள லலித் கலா அகாதெமியின் மண்டல மையத்தையும், மாநிலக் கலை பண்பாட்டுத் துறை நடத்தும் கண்காட்சிகளின் அறிவிப்புகளையும் தொடர்ந்து கவனியுங்கள். பட்டம் இல்லையே என்று ஒதுங்காமல் விதிகளை முழுதாகப் படித்துவிட்டு விண்ணப்பியுங்கள். கொச்சியில் 2012இல் தொடங்கிய பியனாலே என்ற பன்னாட்டுக் கலைக் கண்காட்சி நடக்கும் ஆண்டுகளில், ஒரு நாள் பயணம் செய்து பார்த்துவிட்டு வாருங்கள். உலகெங்கும் பழைய பொருளில் வேலை செய்பவர்கள் அதை எப்படி நிறுத்துகிறார்கள், எப்படித் தொங்கவிடுகிறார்கள், அடியில் எப்படிப் பிணைக்கிறார்கள் என்பதைக் குனிந்து பார்ப்பதற்காகவே நான் போகிறேன்.

எட்டாம் படி: பெரிய ஆர்டரும் ஒப்பந்தமும்

டெல்லியில் உலக அதிசயங்கள் ஏழின் மாதிரிகளை ஏறத்தாழ 150 டன் பழைய இரும்பால் செய்து 2019இல் பூங்கா திறந்த பிறகு, நகராட்சிகளும் நிறுவனங்களும் இத்தகைய சிற்பங்களை அதிகமாகக் கேட்கத் தொடங்கியிருக்கின்றன. ஆளுயரத்தைத் தாண்டும் எதையும் ஒரு கட்டடப் பொறியாளர் பார்த்துக் கையெழுத்திடாமல் நிறுத்தாதீர்கள். குழந்தைகள் அதில் ஏறுவார்கள் என்று வைத்துக்கொண்டே அடித்தளத்தையும் முனைகளையும் அமையுங்கள்.

ஒப்பந்தம் ஒரு பக்கமாக இருந்தாலும் எழுத்தில் இருக்கட்டும். தொகையில் மூன்றில் ஒரு பங்கு தொடங்கும்போது, ஒரு பங்கு கூடு முடிந்ததும், மீதி நிறுத்தியதும் என்று பிரியுங்கள். ஏற்றுக்கூலி, கிரேன், அடித்தளம் யார் பொறுப்பு என்று எழுதுங்கள். நான் ஒருமுறை வாய்ச்சொல்லை நம்பிச் செய்த எட்டடிக் குதிரை, கிரேன் வாடகை யார் தருவது என்ற வழக்கில் நான்கு மாதம் என் பட்டறை வாசலிலேயே நின்றது. அந்த நான்கு மாதமும் வேறு வேலைக்கு இடமில்லாமல் போயிற்று.

நிறுத்தியபின் என்ன ஆகும் என்பதும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். சிற்பி அமர்நாத் சேகல் டெல்லி விஞ்ஞான் பவனுக்காகச் செய்த வெண்கலச் சுவர்ச்சிற்பத்தை 1979இல் அவரைக் கேட்காமலேயே கழற்றிக் கிடங்கில் போட்டுவிட்டார்கள். அவர் வழக்குத் தொடுத்தார். 2005இல் டெல்லி உயர் நீதிமன்றம், படைப்பின் முழுமையைக் காக்கும் உரிமை விற்ற பிறகும் படைப்பாளிக்கு உண்டு என்று பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவைக் கொண்டு தீர்ப்பளித்து, எஞ்சிய பாகங்களை அவரிடம் ஒப்படைக்கவும் ஐந்து லட்சம் ரூபாய் இழப்பீடு தரவும் ஆணையிட்டது. பழைய இரும்பில் செய்த சிற்பத்துக்கு இந்த உரிமை மிகவும் தேவை. இடம் மாற்றும்போது அதை எடைக்குப் போட்டுவிடுவது எளிது. "அகற்றுவதற்கு முன் படைப்பாளிக்கு 30 நாள் அறிவிப்பு தர வேண்டும், வேண்டாதபோது அவரே திரும்ப எடுத்துக்கொள்ளலாம்" என்ற ஒரு வரியை நான் எல்லா ஒப்பந்தத்திலும் சேர்க்கிறேன்.

சிற்பத்தோடு ஒரு சிறு தாளும் கொடுத்து அனுப்புங்கள். என்ன பெயின்ட், எந்த நிறம், எந்த மாதம் அடிக்கப்பட்டது, வடிகால் துளை எங்கே இருக்கிறது, ஆண்டுக்கு ஒருமுறை ஐப்பசிக்கு முன் எதைத் துடைத்து எங்கே மறுபூச்சு அடிக்க வேண்டும் என்பதை அதில் எழுதுங்கள். அதே தாளின் நகலைச் சிற்பத்தின் புகைப்படத்தோடு உங்கள் கோப்பிலும் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு புரட்டாசியிலும் வாங்கியவர்களைத் தொலைபேசியில் அழைத்துக் கேளுங்கள்.